மேட்டுக்கரை யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் சதுப்பில் வாழும் ரிட்ஜ்வே ரெயில் பறவையைப் பற்றியும், அந்தச் சதுப்பை ஒட்டி நூவர்க் நகரில் 469 வீடுகள் வரை கட்ட 2019இல் நகராட்சி அனுமதி தந்ததைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோபமாக எழுதியவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இந்த மாதப் பதில்கள்.

தினமும் டம்பார்டன் பாலத்தில் வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும்தான் தெரிகிறது. நீங்கள் எழுதிய பறவையை ஒருநாளும் பார்த்ததில்லை. எப்படி இருக்கும்? நம் ஊர்க் கானாங்கோழிதானா அது?
*– வாசகர், யூனியன் சிட்டி*

அதே குடும்பம்தான். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை மார்போடு, வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு ஓடுமே, அந்தக் கானாங்கோழிக்கு இது தூரத்துச் சொந்தம். ஏறக்குறைய ஒரு கோழியின் அளவு. துருச்சிவப்பு மார்பு, விலாவில் வெள்ளைப் பட்டைகள், சேற்றைக் குத்திக் கிளறத் தோதாக நீண்டு சற்றே வளைந்த அலகு. வாலைத் தூக்கும்போது அடியில் வெள்ளை பளிச்சென்று தெரியும். பறக்கத் தெரியும், ஆனால் பறக்காது. ஆபத்து வந்தால் புல்லுக்குள் ஓடும், இல்லையென்றால் அசையாமல் நின்றுவிடும். அதனால் பாலத்திலிருந்து உங்கள் கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை.

காதில் விழ வாய்ப்பு அதிகம். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் 'கெக் கெக் கெக்' என்று யாரோ விடாமல் கைதட்டுவது போலக் கத்தும். ஒன்று தொடங்கினால் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். கடல் வற்றும்போது சதுப்பின் ஓடைகளில் இறங்கி நண்டு, மட்டி, புழு தின்னும். வாய் திறந்து கிடக்கும் மட்டியில் கால்விரலோ அலகோ மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறும்போது மூழ்கிப்போன பறவைகள்கூட உண்டு.

2014 வரை இதை கிளாப்பர் ரெயில் என்ற பெரிய இனத்தின் கிளையாகவே வைத்திருந்தார்கள். பிறகு தனி இனமாகப் பிரித்து, ராபர்ட் ரிட்ஜ்வே என்ற பறவையியலாளரின் பெயரைச் சூட்டினார்கள். அதில் கலிபோர்னியா கிளை என்பது இன்று உலகத்திலேயே இந்த ஒரு விரிகுடாவில்தான் இருக்கிறது. 1970லேயே அமெரிக்க அரசின் அருகிவரும் உயிரினங்கள் பட்டியலில் ஏறிவிட்டது.

இவ்வளவு பெரிய விரிகுடா. நிறைய இடம் சரணாலயம். அப்படியும் ஒரு பறவை ஏன் இந்த நிலைக்கு வந்தது?
*– வாசகி, சன்னிவேல்*

முதலில் தின்றே தீர்த்தார்கள். தங்க வேட்டைக்குப் பிறகு ஊர் பெருத்த காலத்தில் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொண்டுவந்தார்கள். 1918இல் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்த பிறகு அது நின்றது. பறவைகளும் ஓரளவு தேறின. அதற்குள் இடம் போய்விட்டது.

நான் தூத்துக்குடிக்காரி. உப்பளம் பார்த்து வளர்ந்தவள். இங்கே வந்த புதிதில் ஃபிரீமான்ட்டிலும் நூவர்க்கிலும் பாத்தி பாத்தியாக உப்பு நீர் நிற்பதைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்து மனம் நிறைந்தது. அந்தப் பாத்திகள் முன்பு சதுப்பாக இருந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது. 1850களில் தொடங்கி, சதுப்பைச் சுற்றி மண்கரை எழுப்பி, கடல் நீர் ஏறி இறங்குவதைத் தடுத்து, உப்புப் பாத்தியாக்கினார்கள். மிச்சத்தைத் தூர்த்து ஊராகவும் துறைமுகமாகவும் விமான ஓடுபாதையாகவும் ஆக்கினார்கள். முன்பு விரிகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 1,90,000 ஏக்கர் ஓதச் சதுப்பு, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் சதுப்பு, இருந்தது. 1990களின் இறுதியில் விஞ்ஞானிகள் கணக்கெடுத்தபோது மிஞ்சியது சுமார் 40,000 ஏக்கர்.

அப்புறம் நரி. இந்தப் பகுதிக்குச் சொந்தமில்லாத செந்நரியை வேட்டைக்கும் ரோமப் பண்ணைக்கும் என்று கொண்டுவந்தார்கள். 1980களில் அது தெற்கு விரிகுடாக் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. உப்பளக் கரைகள் அதற்கு நடைபாதை ஆகிவிட்டன. 1990களின் தொடக்கத்தில் ரெயில் பறவை சில நூறாகக் குறைந்தது. 1991இலிருந்து இங்குள்ள டான் எட்வர்ட்ஸ் சரணாலயத்தார் நரிகளைப் பிடிக்க ஆரம்பித்த பிறகே எண்ணிக்கை ஏறியது.

ஸ்பார்டினா என்ற புல்லின் கதை இதைவிடச் சிக்கல். கிழக்குக் கடற்கரையிலிருந்து 1970களில் கரை காக்க என்று கொண்டுவந்து நட்டார்கள். அது உள்ளூர் ஸ்பார்டினாவோடு கலந்து, உயரமான ஒரு கலப்புப் புல்லாகி, ஓடைகளையும் சேற்றுத் திட்டுகளையும் மூடியது. அழிக்க வேண்டியதுதான். ஆனால் உயரமான அந்தப் புல்லுக்குள் ரெயில் பறவைகள் நன்றாக ஒளிந்து வாழ்ந்தன. 2005க்குப் பிறகு மருந்தடித்து வேகமாக அழித்தபோது பறவைகளும் குறைந்தன. பிறகு வேகத்தைக் குறைத்து, சில இடங்களில் நிறுத்தியும் வைத்து, உள்ளூர்ச் செடிகளை நட்டு வளர்த்துக்கொண்டே போகிறார்கள். ஓக்லண்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆரோஹெட் சதுப்பில், பெரிய ஓதம் வரும்போது ஏறி ஒளிந்துகொள்ள மிதக்கும் திட்டுகளைச் செய்து போட்டார்கள். பறவைகளும் அவற்றில் ஏறி உட்கார்ந்தன. இந்தத் திட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

நூவர்க்கில் வீடு கட்டப்போகும் இடத்தை நானே போய்ப் பார்த்தேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், காய்ந்த புல்லாக வெறும் பொட்டலாகக் கிடக்கிறது. அங்கே எந்தப் பறவையும் கூடு கட்டவில்லை. நாங்கள் இரண்டு குழந்தைகளோடு பல வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வீடு வைத்திருப்பவர்கள் 'பறவை, பறவை' என்று சொல்லி எங்களைப் போன்றவர்களுக்கு வீடு வரவிடாமல் தடுப்பது நியாயமா அம்மா?
*– வாசகர், நூவர்க்*

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். வாடகையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. இந்தப் பகுதியில் வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு 'கட்டாதே, கட்டாதே' என்று எல்லா இடத்திலும் சொல்லி வந்தவர்களும் ஒரு காரணம். ஆகவே எங்கே கட்டக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவ மாட்டேன்.

முதலில் அந்தப் பொட்டல். டிசம்பர், ஜனவரி மாதங்களில், மார்கழி தை அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, இங்கே கிங் டைட் என்று சொல்லும் பேரோதம் வரும். சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில் நிற்க, சந்திரனும் பூமிக்கு நெருங்கி வர, ஜனவரி முதல் வாரத்தில் பூமியும் சூரியனுக்கு மிக அருகில் இருக்க, மூன்றும் கூடிக் கடலை இழுக்கும். அன்று சதுப்பு முழுவதும் தண்ணீருக்கு அடியில் போய்விடும். நம் ஊர் உப்பளத்து ஓரம் முளைக்கும் உமரிக்கு இங்கேயும் ஒரு சொந்தம் உண்டு. அது மூழ்கிவிடும். உள்ளூர்ப் புல் மூழ்கிவிடும். கம் பிளான்ட் என்ற மஞ்சள் பூப் புதரின் உச்சி மட்டும் அங்கங்கே தலை நீட்டும். பறக்க விரும்பாத அந்தப் பறவை அப்போது என்ன செய்யும்? ஏறி ஒளிய மேடு தேடும். சதுப்பின் ஓரத்தில் நிலம் மெல்ல உயர்ந்து புதரும் புல்லுமாக இருந்தால் அங்கே பதுங்கி, தண்ணீர் வடிந்ததும் இறங்கிவிடும். ஓரம் முழுக்க மொட்டைக் கரையாக இருந்தால் திறந்த வெளியில் நிற்கும். பருந்துகளுக்கு அன்றைக்கு விருந்து. உப்புச் சதுப்பு எலி என்று இன்னொரு உயிர், அதுவும் அருகிவரும் பட்டியலில் இருப்பது, அதே ஓரத்துக்குத்தான் ஓடி வரும். வெண்கொக்கு அதை நின்று நிதானமாகப் பொறுக்கித் தின்னும்.

அதாவது ரெயில் பறவை வருடத்தில் பெரும்பாலான நாள் அந்த மேட்டில் கால் வைக்காது. ஆனால் சில நாட்கள், சில மணி நேரம், அந்த மேடு இல்லாவிட்டால் பிழைக்காது. நீங்கள் போன அன்று பறவை இல்லை என்பது நிஜம். அதை வைத்து அந்த இடம் அதற்குத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. கடல் உயர்கிறது. 2050க்குள் கலிபோர்னியாக் கரையில் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை உயரும் என்பதை வைத்தே மாநில அரசு திட்டமிடுகிறது. அதன் பிறகு வேகம் கூடும். சதுப்பு உயிருள்ளது. தண்ணீர் உயர்ந்தால், பின்னால் சரிவு இருக்குமானால், புல் அந்தச் சரிவில் மெல்ல ஏறி வரும். பின்னால் சாலையோ சுவரோ மதகோ இருந்தால் ஏற முடியாமல் அங்கேயே மூழ்கும். தெற்கு விரிகுடாவைச் சுற்றிக் காரில் போய்ப் பாருங்கள். சதுப்பு ஏறி வர வழி விட்டிருக்கும் சரிவுகள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கின்றன. மவுரி ஓடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் உள்ள அந்தப் பொட்டல் அதில் ஒன்று. இன்று பொட்டலாகத் தெரிவது நாளைய சதுப்பு. அதனால்தான் 'சதுப்பில் கட்டவில்லை, பக்கத்தில்தானே கட்டுகிறோம்' என்ற வாதம் எனக்குச் சமாதானம் தரவில்லை. பக்கத்தில் கட்டினால் சதுப்புக்கு நகர இடமில்லை.

இனி வீடு. அந்த நிலம் தாழ்வானது. லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கி, அதன் மேல்தான் வீடு கட்ட முடியும். சுற்றி வெள்ளம் வரும் நிலம். கடல் உயர உயர அந்த மேட்டைக் காக்கும் செலவு யார் தலையில் விழும்? முப்பது வருடக் கடன் வாங்கி அங்கே குடிபோகும் உங்களைப் போன்ற குடும்பத்தின் தலையில், அப்புறம் மொத்த ஊரின் வரியில். கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். சதுப்பை அப்படியே விட்டால் அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். பின்னால் உள்ள ஊருக்கு அதுவே முதல் அரண்.

எங்கே கட்டலாம் என்றால், ஃபிரீமான்ட்டில் 2017இல் திறந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் பார்ட் ரயில் நிலையத்தைச் சுற்றி எழும்பியிருக்கும் அடுக்கு வீடுகளைப் பாருங்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவில் கிடந்த இடம். ரயிலுக்கு நடந்து போகலாம். பாதி காலியாகக் கிடக்கும் கடைவளாகங்களும் கார் நிறுத்தங்களும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அங்கே ஐந்து மாடி, ஆறு மாடி கட்டட்டும். 'எங்கள் தெருவில் மாடி வீடு வேண்டாம்' என்று யாராவது கூட்டத்தில் எழுந்தால், அவர் பறவை நண்பராகவே இருந்தாலும், எதிர்த்துப் பேச நான் வருவேன். 469 வீட்டை ஒரு ரயில் நிலையத்தின் பக்கத்தில் வைப்பது பெரிய காரியம் இல்லை. அந்தச் சரிவை வேறு எங்கும் கொண்டுபோய் வைக்க முடியாது.

அருகிவரும் இனம் என்று சட்டமே பாதுகாக்கிறதே. அப்புறம் எப்படி அனுமதி கிடைத்தது?
*– வாசகர், மில்பிட்டஸ்*

சட்டம் பறவையைக் கொல்லாதே, துன்புறுத்தாதே என்கிறது. பறவை எப்போதாவது வந்து பதுங்கும் மேட்டை அந்த அளவுக்குக் கண்டுகொள்வதில்லை. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பது நகராட்சியின் கையில். நூவர்க் திட்டத்தை எதிர்த்து 'சரணாலயத்தை முழுமையாக்கும் குடிமக்கள் குழு' என்ற அமைப்பு நீதிமன்றம் போனது. 2021இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியின் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே செய்த சுற்றுச்சூழல் ஆய்வு போதும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

நீர்நிலைகளைக் காக்கும் கூட்டரசின் தண்ணீர்ச் சட்டமும் ஒவ்வொரு ஆட்சியிலும் நீண்டு சுருங்குகிறது. ரெட்வுட் சிட்டியில் 1,436 ஏக்கர் உப்பளத்தில் 12,000 வீடுகள் வரை கட்ட 2009இல் ஒரு திட்டம் வந்தது. பலத்த எதிர்ப்பால் 2012இல் திரும்பப் பெற்றார்கள். 2019இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்த உப்பளங்கள் தண்ணீர்ச் சட்டத்துக்குள்ளேயே வராது என்று முடிவு சொன்னது. குழுக்களும் மாநில அரசும் வழக்குப் போட, 2020இல் நீதிபதி வில்லியம் ஆல்சப் அந்த முடிவை ரத்து செய்தார். அடுத்த வருடம் மேல்முறையீடும் கைவிடப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஈரநிலங்களுக்கான கூட்டரசுப் பாதுகாப்பை மிகவும் குறுக்கிவிட்டது. ஆகவே தீர்ப்புகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. நிலத்தையே விலைக்கு வாங்கிப் பொதுச் சொத்தாக்குவதுதான் உறுதியான வழி. 2003இல் உப்பு எடுக்கும் கார்கில் நிறுவனத்திடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளத்தை அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்தக் கரைகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாக வெட்டிக் கடலை உள்ளே விடுகிறார்கள்.

நான் பல மாதமாகக் கரையோரப் பூங்காவில் திரியும் ஏழெட்டுப் பூனைகளுக்குத் தினமும் சாப்பாடு வைக்கிறேன். வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுவது தப்பா?
*– வாசகி, ஃபாஸ்டர் சிட்டி*

சோறு போடுவது தப்பில்லை. போடும் இடம் தப்பு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ரெயில் குஞ்சு முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் கூட்டைவிட்டு நடக்க ஆரம்பித்துவிடும், தரையில். நீங்கள் வைக்கும் சாப்பாட்டுக்குப் பூனை மட்டும் வராது, எலியும் ரக்கூனும் வரும். எலி முட்டையைத் தின்னும். வைப்பதைத் திடீரென்று நிறுத்தினாலும் அந்தப் பூனைகள் சதுப்புக்குள்தான் இறங்கும். அதனால் இன்றைக்கே உள்ளூர் விலங்குக் காப்பகத்துக்குப் போன் செய்து, அவற்றைப் பிடித்து அங்கிருந்து அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யுங்கள். இரண்டையாவது நீங்களே வீட்டுக்குள் வைத்து வளர்க்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் இரக்கத்தை நான் குறைவாக நினைக்கவில்லை.

எச்1பி விசாவில் இருக்கிறேன். ஓட்டுரிமை இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?
*– வாசகர், ஃபிரீமான்ட்*

நிறையச் செய்யலாம். நகர மன்றக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை கேட்பதில்லை. சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துக்குக் காலக்கெடு தருவார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'பறவையைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் பதில் சொல்லி மூடிவிடுவார்கள். 'கிங் டைட் நாளில் இந்த ஓரத்தில் பறவை எங்கே ஒதுங்கும், 2050இல் சதுப்பு எங்கே நகரும், விளக்கு வெளிச்சமும் வீட்டுப் பூனையும் எவ்வளவு தூரம் வரும்' என்று கேள்வியாக எழுதினால், அவர்கள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பின்னால் நீதிமன்றத்தில் உதவுவதும் அந்தக் காகிதம்தான்.

கையால் செய்ய விருப்பமிருந்தால், 1961இல் பெர்க்லியில் கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்கள் தொடங்கிய சேவ் தி பே அமைப்பு, சதுப்பின் ஓரங்களில் உள்ளூர்ச் செடிகள் நடத் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறது. மழைக்காலத்தில் நடவு, கோடையில் களையெடுப்பு. நான் முன்பு சொன்ன ஒளிந்துகொள்ளும் மேடு அப்படித்தான் உருவாகிறது. குழந்தைகளோடு போகலாம்.

ஓட்டு உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. ரெட்வுட் சிட்டியின் பேர் தீவில் ஒரு நகரமே எழுப்பும் திட்டத்தை 1982இல் ஊர் மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள், நாற்பது சொச்சம் வாக்கு வித்தியாசத்தில். இன்று அது சரணாலயத்தின் பகுதி. 2016இல் விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டி (மாவட்ட) மக்கள், மனைக்கு வருடம் 12 டாலர் என்று இருபது வருடத்துக்குத் தங்கள் மேலேயே வரி போட்டுக்கொண்டார்கள், சதுப்பை மீட்க. ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

பறவையைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்? எங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வரலாமா?
*– வாசகி, மவுண்டன் வியூ*

உங்களுக்குப் பக்கத்திலேயே பாலோ ஆல்டோ பேலண்ட்ஸ் இருக்கிறது. லூசி எவன்ஸ் மையத்தின் பின்னால் சதுப்புக்குள் நீளும் மரப்பாதை. ஓக்லண்ட் பக்கம் போனால் ஆரோஹெட் சதுப்பு. டிசம்பர் ஜனவரியில் கிங் டைட் அட்டவணை பார்த்து, ஓதம் உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். புதரில் ஒண்டியிருக்கும் பறவையைப் படம் எடுக்க நெருங்கினால் அது வெளியே ஓடும், மேலே பருந்து காத்திருக்கும். போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், அங்கே வருகிறவர்கள் சந்தோஷமாகத் தருவார்கள்.

நாய் வேண்டாம். டான் எட்வர்ட்ஸ் சரணாலயத்தின் பெரும்பாலான பாதைகளில் அனுமதியும் இல்லை.